படம் பொய் சொல்லவில்லை... ஆனால், நியாயமாக இருக்கிறதா?

அமெரிக்கக் கொடி கட்டிய நீளமான கம்பு. அதை ஈட்டிபோல இரு கைகளாலும் பிடித்திருக்கிறான் பதின்ம வயது வெள்ளையினப் பையன் ஒருவன். எதிரே கோட் சூட் அணிந்த கறுப்பின மனிதர். அவரைப் பின்னாலிருந்து இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த நொடி அந்தக் கம்பு அவர் உடம்பில் பாய்ந்துவிடும் என்று பார்ப்பவர் மனம் பதறுகிறது.

1976 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகர மன்றக் கட்டடத்துக்கு வெளியே 'பாஸ்டன் ஹெரால்டு அமெரிக்கன்' பத்திரிகையின் புகைப்படக்காரர் ஸ்டான்லி ஃபோர்மன் எடுத்த படம் இது. கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளையினக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காக, மாணவர்களைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும்படி 1974-ல் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதை எதிர்த்து வெள்ளையின மாணவர்கள் நடத்திய போராட்டத்தில்தான் இந்தச் சம்பவம். தாக்கப்பட்டவர் டெட் லேண்ட்ஸ்மார்க் என்ற வழக்கறிஞர். போராட்டத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நகர மன்றத்தில் ஒரு கூட்டத்துக்காகப் போய்க்கொண்டிருந்தவர். படம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது.

படத்தில் எந்த ஒட்டு வேலையும் இல்லை. யாரையும் நடிக்கச் சொல்லி எடுக்கவும் இல்லை. ஆனாலும், படத்தில் தெரிவதற்கும் நடந்ததற்கும் இடையே சில இடைவெளிகள் இருந்தன. அந்தப் பையன் கம்பைக் குத்துவதற்காக நீட்டவில்லை, பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தான். கம்பு லேண்ட்ஸ்மார்க்கின் முகத்துக்குச் சில அங்குல தூரத்தில் விலகிப்போனது. அவருடைய மூக்கை உடைத்தது அதற்குச் சற்று முன்பு வேறொருவர் கொடுத்த அடி. எல்லாவற்றையும்விட முக்கியம், பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பவர். அவர் ஜிம் கெல்லி. பேருந்துத் திட்டத்தை எதிர்த்தவர்களில் முக்கியமானவர்தான். ஆனால் அந்த நொடியில், கீழே விழுந்த லேண்ட்ஸ்மார்க்கைத் தூக்கிவிடத்தான் முயன்றுகொண்டிருந்தார். படத்திலோ, அடிப்பதற்குத் தோதாக ஆளைப் பிடித்துக்கொடுப்பவர்போலத் தெரிகிறார்.

அப்படியானால் அந்தப் படம் பொய்யா? இல்லை. நிறவெறியால் ஒரு மனிதர் நடுத்தெருவில் தாக்கப்பட்டார், மூக்கு உடைந்தது. அது நூற்றுக்கு நூறு நிஜம். அந்த நிஜத்தை உலகுக்குச் சொன்னது இந்தப் படம்தான். அதே படம், அதற்குள் இருக்கும் ஒரு மனிதருக்கு நியாயம் செய்யவில்லை என்பதும் நிஜம். உண்மையான படமும் ஒருவருக்கு அநியாயமாக அமைந்துவிடலாம். போராட்டங்களைப் படமெடுக்கும் ஒவ்வொருவரும் தினம் தினம் சந்திக்கும் சிக்கல் இது. கையில் செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் இன்று படமெடுப்பவர்கள்தான், படத்தைப் பரப்புபவர்கள்தான் என்பதால், இது பத்திரிகைக்காரர்களின் பிரச்னை மட்டும் அல்ல.

ஆளுக்குப் பாதி என்பது நியாயம் ஆகாது

நியாயம் என்றதும் பலருக்குத் தராசுதான் நினைவுக்கு வரும். போலீஸ் அடிக்கும் படம் ஒன்று, போராட்டக்காரர் கல் எறியும் படம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால், பத்தாயிரம் பேர் அமைதியாக நடந்த ஊர்வலத்தில் பத்துப் பேர் கல் எறிந்திருந்தால், அந்த இரண்டு படங்களும் சம அளவில் வருவது நடந்ததைச் சொல்லாது. அதேபோல, கையில் ஒன்றுமில்லாதவர்கள்மீது தடியடி நடந்த நாளில், 'எதிர்த்தரப்பு' படம் ஒன்றைத் தேடிப்பிடித்து இட்டு நிரப்புவதும் நடந்ததைச் சொல்லாது.

எது நடந்ததோ, அதை அது நடந்த அளவில் காட்டுவதுதான் நியாயம். பெரியதைப் பெரியதாக, சிறியதைச் சிறியதாக. கேட்க எளிது. ஆனால், கேமராவுக்கு அந்த அளவு தெரியாது. அதன் கட்டத்துக்குள் எது வருகிறதோ, அதுதான் அதற்கு உலகம்.

எங்கே நிற்கிறோம் என்பதே பாதிச் செய்தி

போலீஸ் வரிசைக்குப் பின்னால் நிற்கும் புகைப்படக்காரரின் படத்தில் போலீஸாரின் முதுகும், கோபத்தோடு முன்னேறி வரும் கூட்டத்தின் முகங்களும் இருக்கும். கூட்டத்துக்குள் நிற்பவரின் படத்தில் ஓங்கிய லத்திகளும், ஹெல்மெட்டுக்குள் மறைந்த முகங்களும் இருக்கும். இருவரும் ஒரே தெருவில், ஒரே நிமிடத்தில் நின்றவர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

லென்ஸும் தன் பங்குக்குக் கதை சொல்லும். தூரத்திலிருந்து பெரிய டெலி லென்ஸில் எடுத்தால், முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். நூறு பேர் நின்றாலும் நெரிசலாகத் தோன்றும். மாடியிலிருந்து அகலமாக எடுத்தால், அதே கூட்டத்துக்கு நடுவே உள்ள காலி இடங்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும். 'கடல்போல் கூட்டம்' என்றும் 'காற்றாடிய கூட்டம்' என்றும் ஒரே கூட்டத்தைப் பற்றி இரண்டு படங்கள் சாட்சி சொல்ல முடியும்.

2009 ஏப்ரல் 1 அன்று லண்டனில் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஜி20 மாநாட்டை எதிர்த்து, நகரின் வங்கிகள் நிறைந்த பகுதியில் பெரும் போராட்டம் நடந்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து கிளையின் கண்ணாடி ஜன்னலைச் சிலர் உடைத்தார்கள். நெருக்கமாக எடுத்த படங்களில் அது ஒரு நகரமே பற்றி எரிவதுபோல இருந்தது. சற்றுத் தள்ளி நின்று எடுத்த படங்களில் வேறொன்று தெரிந்தது: ஜன்னலை உடைப்பவரைச் சுற்றி அரைவட்டமாகப் புகைப்படக்காரர்கள் திரண்டு நின்றார்கள். கேமராக்களே அந்தக் காட்சியின் பெரும் பகுதி.

அதே நாள் மாலை, அதே வட்டாரத்தில், ஐயன் டாம்லின்சன் என்ற 47 வயது பத்திரிகை விற்பனையாளர் வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார். போராட்டத்தில் கலந்துகொண்டவர் அல்ல. சற்று நேரத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. ஆறு நாள் கழித்து, வழிப்போக்கர் ஒருவர் எடுத்திருந்த வீடியோவை 'தி கார்டியன்' வெளியிட்டது. ஒரு போலீஸ்காரர் அவரைப் பின்னாலிருந்து தடியால் அடித்துத் தள்ளுவது அதில் தெளிவாகத் தெரிந்தது. அவரது மரணம் சட்டவிரோதக் கொலை என்று 2011-ல் மரண விசாரணை ஜூரி முடிவு செய்தது. 2012-ல் குற்றவியல் வழக்கில் அந்தக் காவலர் விடுவிக்கப்பட்டார். ஆனால் பணியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒரு ஜன்னலைச் சுற்றி அத்தனை கேமராக்கள். ஒரு மனிதரின் கடைசி நிமிடங்களைக் காட்டி விசாரணையின் போக்கையே மாற்றியதோ, வழியில் போன ஒருவரின் கேமரா. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும்போது, எதிர்ப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் நியாயத்தின் ஒரு பகுதிதான்.

ஒரு போராட்டம், இரண்டு நாள்கள்

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம். 2020 நவம்பர் கடைசியில், வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லி எல்லைக்கு வந்தார்கள். அங்கே பி.டி.ஐ செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் ரவி சௌத்ரி எடுத்த படம் நாடெங்கும் பரவியது. வெள்ளைத் தாடியுடன் ஒரு வயதான சீக்கிய விவசாயி. அவரை நோக்கி லத்தியை ஓங்கும் துணை ராணுவ வீரர்.

எதிர்க்கட்சிகள் அந்தப் படத்தைப் பகிர்ந்தன. பதிலுக்கு, பா.ஜ.க-வின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் அமித் மாளவியா ஒரு சிறு வீடியோ துணுக்கைப் பகிர்ந்து, லத்தி விவசாயிமீது படவே இல்லை என்றார். உண்மை சரிபார்க்கும் ஊடகங்கள் நீளமான வீடியோவைத் தேடி எடுத்தன. அந்த விவசாயியையும் கண்டுபிடித்துப் பேசின. தன் உடம்பில் பட்ட காயங்களை அவர் காட்டினார். மாளவியாவின் பதிவில் 'திரிக்கப்பட்டது' என்ற முத்திரையை ட்விட்டர் குத்தியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புகைப்படம் காட்டியது ஓங்கிய லத்தியைத்தான். அடி விழுந்த நொடியை அல்ல. சில நொடி வீடியோ துணுக்கு காட்டியது தப்பிய ஓர் அடியைத்தான்; முழுச் சம்பவத்தை அல்ல. இரண்டில் எதை மட்டும் பார்த்தாலும் முழுக் கதை கிடைக்காது. முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று தேடிப்போய், சம்பந்தப்பட்ட மனிதரிடமே கேட்டபோதுதான் விடை கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, 2021 ஜனவரி 26. டிராக்டர் பேரணியில் ஒரு பகுதியினர் அனுமதித்த பாதையை விட்டு விலகிச் செங்கோட்டைக்குள் நுழைந்தார்கள். தாக்குதலிலிருந்து தப்பக் காவலர்கள் கோட்டைச் சுவரிலிருந்து அகழிக்குள் குதிக்கும் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. 300-க்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்ததாக டெல்லி காவல்துறை சொன்னது. விவசாயி ஒருவரும் அன்று உயிரிழந்தார்.

முதியவர்மீது ஓங்கிய லத்தியும் நிஜம்; அகழியில் குதித்த காவலர்களும் நிஜம். ஆனால், ஓராண்டுக்கும் மேல் நீடித்த அந்தப் போராட்டத்தின் பெரும்பாலான நாள்கள் இந்த இரண்டு படங்களிலும் இல்லை. குளிரில் டிராக்டர் டிரெய்லர்களுக்குள் உறங்கியவர்கள், ரொட்டி சுட்டுப் போட்ட பொதுச் சமையல் கூடங்கள், ஊரிலிருந்து வந்து உட்கார்ந்த பெண்கள்... தனக்குப் பிடித்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு 'இதுதான் விவசாயிகள் போராட்டம்' என்று சொன்னால், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அரைகுறைதான்.

தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஒரு வாரம் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை நேரில் பார்த்தவர்கள், குப்பை அள்ளிய மாணவர்களையும், இரவில் மின்னிய செல்போன் வெளிச்சத்தையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கடைசி நாளான 23-ம் தேதியை மட்டும் டி.வி-யில் பார்த்தவர்களுக்கு, எரிந்த வாகனங்களும் ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத் தீயும்தான் நினைவு. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் அது அந்த ஒரு வாரத்தின் பதிவு.

பரிதாபம் மட்டும் போதுமா?

போராடுபவர்கள்மீது அனுதாபம் கொண்ட படமும் அவர்களுக்கு அநியாயம் செய்ய முடியும். 1963 மே மாதம், அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் சம உரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய கறுப்பினச் சிறுவர்கள்மீது போலீஸ் நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பாய்ச்சியது. சார்லஸ் மூர், பில் ஹட்சன் போன்றவர்கள் எடுத்த படங்கள் அமெரிக்காவின் மனசாட்சியை உலுக்கின. அடுத்த ஆண்டு குடிமை உரிமைச் சட்டம் வந்ததில் அந்தப் படங்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால், கலை வரலாற்று ஆய்வாளர் மார்ட்டின் பெர்கர் பின்னாளில் ஒரு கேள்வியை எழுப்பினார். வெள்ளையினர் நடத்திய பத்திரிகைகள், கறுப்பினத்தவர் அடிவாங்கும் படங்களையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது ஏன்? சிறைக்குப் போவோம் என்று தெரிந்தே பாடிக்கொண்டு நடந்த அந்தப் பிள்ளைகளின் துணிச்சலும் திட்டமிடலும் படங்களில் எங்கே போயின? பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் காட்டினால், அவர்கள் தாங்களே போராடி வென்றார்கள் என்ற உண்மை மறைந்துபோகிறது என்பது அவர் வாதம்.

இதற்கு மாற்றாக ஒரு படம் உண்டு. சூடானில் 2019 ஜூன் 19. சில நாள்களுக்கு முன்புதான் தலைநகர் கார்ட்டூமில் போராட்டக்காரர்கள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஊரில் மின்சாரம் இல்லை. இருட்டில் ஓர் இளைஞர் நெஞ்சில் கைவைத்துக் கவிதை சொல்கிறார். சுற்றி நிற்பவர்களின் செல்போன் வெளிச்சம்தான் அவர் முகத்தில் விழுகிறது. ஏ.எஃப்.பி புகைப்படக்காரர் யாசுயோஷி சிபா எடுத்த இந்தப் படம், 2020-ல் 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' அமைப்பின் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது. ரத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால், அந்த மக்கள் எதற்காகத் தெருவுக்கு வந்தார்கள் என்பது முகங்களிலேயே தெரிகிறது.

படம் முடிந்தாலும் வாழ்க்கை தொடர்கிறது

1970 மே 4 அன்று, வியட்நாம் போரை எதிர்த்துப் போராடிய மாணவர்கள்மீது, அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை 13 நொடிகள் சுட்டது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த ஜான் ஃபிலோ எடுத்த படத்தில், இறந்து கிடக்கும் மாணவர் அருகே ஒரு பெண் மண்டியிட்டுக் கதறுகிறாள். எல்லோரும் அவளைக் கல்லூரி மாணவி என்றே நினைத்தார்கள். உண்மையில் அவள் வீட்டைவிட்டு வெளியேறி வந்திருந்த 14 வயதுச் சிறுமி.

படம் புலிட்சர் பரிசு பெற்றது. சிறுமிக்குக் கிடைத்ததோ வெறுப்புக் கடிதங்களும் வசைகளும். அவளது சொந்த மாநிலத்தின் ஆளுநரே அவளைக் கம்யூனிஸ்ட் சதியோடு சேர்த்துப் பேசினார். எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் முதன்முறையாக நேரில் சந்தித்துக்கொண்டது 1995-ல். 25 ஆண்டுகள் கழித்து.

அதே படத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. மூலப் படத்தில் சிறுமியின் தலைக்குப் பின்னால் ஒரு வேலிக் கம்பம் தெரியும். யாரோ அழகுக்காக அதை அழித்துவிட்டார்கள். 1995-ல் 'லைஃப்' உட்படச் சில பத்திரிகைகளில் கம்பம் இல்லாத படமே வந்தது. ஒரு கம்பம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால், கம்பத்தை அழிக்கலாம் என்றால், கல்லை அழிக்கலாமா, கையிலிருக்கும் கொடியை அழிக்கலாமா என்ற கேள்வி அடுத்து வந்து நிற்கும். அதனால்தான் செய்திப் படத்தில் எதையும் சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது என்று செய்தி நிறுவனங்கள் கறாராக இருக்கின்றன.

இன்று முகத்தின் விலை இன்னும் கூடிவிட்டது. டெல்லிக் கலவரத்தில் 1,100-க்கும் மேற்பட்டவர்களை முக அடையாள மென்பொருள் மூலம் கண்டறிந்ததாக 2020 மார்ச்சில் உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதே ஆண்டு ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலையை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தபோது, படத்தில் முகங்களை மங்கலாக்கும் வசதியை 'சிக்னல்' செயலி கொண்டுவந்தது. போராடுபவரின் வேலைக்கும் உயிருக்கும் ஆபத்து வரும் என்றால் முகத்தை மறைக்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். பொது இடத்தில், பகிரங்கமாக, பெருமையோடு நின்றவர்களின் முகத்தை அழிப்பது வரலாற்றையே அழிப்பது என்றார்கள் இன்னொரு சாரார்.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால் அனுபவம் உள்ள பலர் முகத்தை அழிப்பதற்குப் பதில், எடுக்கும்போதே யோசிக்கிறார்கள். சிறுவர்களா? ஆபத்தில் இருப்பவரா? முடிந்தால் கேட்டுவிடலாமா? பின்பக்கத்திலிருந்தோ, தூரத்திலிருந்தோ எடுத்தாலும் அதே விஷயத்தைச் சொல்ல முடியுமா?

பகிர்வதற்கு முன்...

அமெரிக்காவின் தேசியப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் நெறிமுறைகள் சொல்வதன் சாரம் இதுதான்: முழுமையாகச் சொல், பின்னணியோடு சொல், நடப்பதில் தலையிடாதே, கேமராவுக்காக அரங்கேற்றப்படும் காட்சிகளுக்கு ஏமாறாதே, பாதிக்கப்பட்டவரிடம் கருணையோடு நட. செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பகிரும் யாருக்கும் இது பொருந்தும்.

எடுப்பவர்கள், ஒரு காட்சியோடு நிறுத்தாமல், முன்னும் பின்னும் எடுத்துவைக்கலாம். நெருக்கமாக ஒன்று எடுத்தால், தள்ளி நின்று அகலமாக ஒன்றும் எடுக்கலாம். படத்தோடு இடம், தேதி, நேரம் எழுதலாம். கண்ணால் பார்த்ததை மட்டும் குறிப்பில் சொல்லலாம். 'லத்தியை ஓங்குகிறார்' என்பது பார்த்தது. 'அடித்து நொறுக்கினார்' என்பது பார்த்திருந்தால் மட்டுமே எழுத வேண்டியது.

பகிர்பவர்கள், படம் கோபத்தைக் கிளப்பினால் ஒரு நிமிடம் நிதானிக்கலாம். யார் எடுத்தது? எப்போது? கட்டத்துக்கு வெளியே என்ன இருந்திருக்கும்? நீளமான வீடியோ இருக்கிறதா? நாளை இந்தப் படத்தால் யாராவது சிறுவனோ, சிறுமியோ அவதிப்படுவார்களா?

கடைசியாக ஒரு கேள்வி. படத்தில் இருக்கும் போலீஸ்காரரும் போராட்டக்காரரும், பின்னணியில் தற்செயலாகச் சிக்கியவரும் இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? படம் அவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற அவசியமில்லை. தவறு செய்தவருக்கு அது பிடிக்கவும் செய்யாது. ஆனால், 'அன்றைக்கு இப்படித்தான் நடந்தது' என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி இருந்தால், அந்தப் படத்தைத் தயங்காமல் பகிரலாம்.